வெளி மூலையை அளங்க: சின்னப் படை கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விங்கள்ல முக்காவாசி நகர்வு பத்திதான். எந்தப் படை பலசாலி, எந்த டைஸ் ராசியான டைஸ்னு யாரும் கேக்கல, "என் ஆளுங்க அங்க போலாமா கூடாதா"ங்கிறதுதான் கோலாலம்பூர்ல இருந்து கெடா வரைக்கும் எல்லா மேசையிலயும் தகராறு போல. எனக்கு இதுல ரொம்ப சந்தோஷம், ஏன்னா பழங்காலப் போர் விளையாட்டோட உயிரே இந்த நகர்வுலதான் இருக்கு, மோதின பிறகு நடக்கறத டைஸ் பாத்துக்கும், மோதற இடத்துக்கு ஆளைக் கொண்டு போய்ச் சேக்கறது நம்ம வேலை.

முதல் தடவை படிக்கிறவங்களுக்காக ரெண்டு வரி. விரல் நகம் அளவு ஈயப் பொம்மைங்கள மூனு நாலா ஒரு சின்ன அட்டையில ஒட்டுவோம், அந்த அட்டைதான் பேஸ், 15 மில்லி (மில்லிமீட்டர்) பொம்மைக்கு அது 40 மில்லி அகலம். நான் பதில் சொல்றது டிபிஏங்கிற பழங்காலப் போர் விளையாட்டு விதிப் புத்தகத்தை வச்சு, 1990ல முதல் பதிப்பு வந்துச்சு, நாங்க பினாங்குல ஆடறது 2014ல வந்த மூனாவது பதிப்பு. ஆளுக்கு 12 பேஸ். உங்க முறை வந்ததும் ஒரு டைஸ் உருட்டணும், 4 விழுந்தா 4 பிப், அதாவது 4 நகர்வு. தனிப் பேஸ் ஒன்னை நகர்த்தினாலும் பொதுவா ஒரு பிப்புதான், ஒட்டி நிக்கிற ஒரு குரூப்பையே மொத்தமா நகர்த்தினாலும் ஒரு பிப்புதான். இது தெரிஞ்சா போதும், வாங்க.

அண்ணே, என்னோட ஈட்டிக்காரங்க நாலு பேஸ் வரிசையா நிக்கறாங்க, வலது பக்கமா எதிரிக் குதிரை வந்துருச்சு. வரிசையை அப்படியே வலது பக்கம் திருப்பினேன், காலாளுக்கு 80 மில்லி நகர்வு, நான் வரிசையோட நடுவுல டேப் வச்சு அளந்தேன். என் கூட்டாளி வெளி மூலையில அளக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. யாரு சொல்றது சரி? (செந்தூல்)

கூட்டாளி சொல்றதுதான் சரி தம்பி. நாலு பேஸ்னா 160 மில்லி நீளம், உள் மூலை அச்சாணி மாதிரி நிக்கும், வெளி மூலை வட்டம் போடும். நடுவுல அளந்தீங்கன்னா 80 மில்லிக்கு வரிசை 57 டிகிரி திரும்பிரும், வெளி மூலையில அளந்தா 29 டிகிரிக்குக்கூட வராது. அதாவது உங்க கடைசி பேஸ் 80 மில்லிக்குப் பதிலா 160 மில்லி ஓடியிருக்கு, அந்த ஆளுங்க கேடயம் ஈட்டி எல்லாம் தூக்கிக்கிட்டு ரெண்டு மடங்கு வேகத்துல ஓடினாங்கன்னு ஆயிருது.

ஸ்கூல்ல கவாட் காக்கி, அதாவது அணிவகுப்பு, பண்ணின எல்லாருக்கும் இது காலாலயே தெரியும். எங்க தாமான்ல ஒரு தடவை இதே சண்டை வந்து, ராத்திரி பத்து மணிக்கு நாலு பேரு பேட்மின்டன் கோர்ட்டுக்குப் போனோம், சாக்பீஸால கோடு போட்டு தோளோட தோள் ஒட்டி நின்னு திரும்பிப் பாத்தோம். உள்ள நின்னவரு குதிகால மட்டும் திருப்பிக்கிட்டு சும்மா நின்னாரு, வெளியில நின்ன பையன் ஓட்டமா ஓடினான், நடுவுல நின்ன ரெண்டு பேருக்கு எந்த வேகத்துல போறதுன்னு தெரியாம வரிசை வில்லு மாதிரி வளைஞ்சு ரெண்டாவது ஆளுக்கும் மூனாவது ஆளுக்கும் நடுவுல ஒரு ஆள் நுழையற அளவுக்கு இடம் விட்டுருச்சு. நாலே பேருக்கு அந்தக் கதின்னா ஆயிரம் பேரு நிக்கிற வரிசைக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் எங்க மேசையில யாரும் நடுவுல அளந்தது கிடையாது.

இதோட ஒட்டின இன்னொரு சண்டையையும் முடிச்சிருவோம், வெளி மூலையோட தூரத்தை வளைவா அளக்கறதா, இல்ல தொடங்கின இடத்துக்கும் முடிஞ்ச இடத்துக்கும் நேர்கோடு போட்டு அளக்கறதா? சில விதிப் புத்தகத்துல வளைவு, சிலதுல நேர்கோடு. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். 160 மில்லி வரிசை, 80 மில்லி நகர்வு: வளைவுன்னா 28.6 டிகிரி, நேர்கோடுன்னா 29, மூலையில ஒரு மில்லி வித்தியாசம்கூட வராது, அதுக்காக தே தாரிக் ஆறிப்போற வரைக்கும் சண்டை போடாதீங்க. ஆனா அதே 160 மில்லி வரிசை குதிரையா இருந்து 160 மில்லி நகர்வு இருந்துச்சுன்னா வளைவுல 57 டிகிரி, நேர்கோட்டுல சரியா 60, மூலையில 7 மில்லிக்கு மேல தள்ளி நிக்கும், அது எதிரியைத் தொடுறதுக்கும் தொடாம நிக்கறதுக்கும் உள்ள வித்தியாசம். குதிரைக்காகத்தான் ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கணும்.

உங்க ஈட்டிக்காரங்களுக்கு ஒரு வழி இருக்கு. வரிசையை ரெண்டா உடைங்க. ரெண்டு பேஸ் வரிசை 80 மில்லிதான், அதே 80 மில்லி நகர்வுல நியாயமாவே 57 டிகிரி திரும்பிரும், தனிப் பேஸ்னா 90 டிகிரி திரும்ப 63 மில்லி போதும். ஆனா ஒவ்வொன்னுக்கும் தனித்தனி பிப் குடுக்கணும். கி.மு. 197ல சைனோசெஃபாலே குன்றுல நடந்தது இதுதான், மாசிடோனியாவோட வலது பக்க ஃபாலங்ஸ் ஜெயிச்சுக்கிட்டே கீழ இறங்குது, ரோமப் படையில ஒரு அதிகாரி 20 மேனிப்பிளை (ரோமரோட சின்னப் படைப்பிரிவு) மட்டும் பிரிச்சு எடுத்துக்கிட்டுத் திரும்பி அவங்க முதுகுல போய் விழுந்தாரு. சின்னச் சின்ன கூட்டமா இருந்ததால அவங்களால திரும்ப முடிஞ்சுச்சு, நீள நீளமா ஈட்டி நீட்டிக்கிட்டு ஒரே கட்டியா நின்ன ஃபாலங்ஸால முடியல.

என்னோட லேசான குதிரை ஒன்னு எதிரியோட ரெண்டு பேஸுக்கு முன்னாடி மாட்டிக்கிச்சு சார். பக்கவாட்டுல நழுவி அவங்க பின்னால போயிரலாம்னு பாத்தேன், முடியாதுன்னு சொல்லிட்டாங்க. குதிரைதானே, வேகமாப் போயிராதா? (பட்டர்வொர்த்)

போகாது. ஒவ்வொரு பேஸுக்கும் முன்னால அதோட அகலத்துக்கு ஒரு பேஸ் அகலம் ஆழத்துல ஒரு சதுரம் இருக்கு, மிரட்டல் கட்டம்னு நாங்க சொல்லுவோம். அதுக்குள்ள கொஞ்சம் இருந்தாலும் சரி, தூர விளிம்பைத் தொட்டாலும் சரி, மூனே வழிதான். அந்தக் கட்டத்துக்குச் சொந்தக்காரன் எவனோ அவனுக்கு நேரா உங்க முகத்தைத் திருப்பி வரிசைப்படுத்தலாம், அவன்மேல போய் மோதலாம் இல்ல மோதற மாதிரி நெருங்கலாம், தனிப் பேஸா இருந்தா முழு நகர்வுக்கும் நேரா பின்னால போலாம். ரெண்டு எதிரியோட கட்டம் ஒன்னுமேல ஒன்னு விழுந்தா ரெண்டு பேர்ல யாருன்னு நீங்க தேர்ந்தெடுக்கலாம், அந்தச் சலுகை உண்டு. பக்கவாட்டு நழுவல் இந்த மூனுலயும் இல்ல.

இதுல நியாயம் இருக்கு. கிட்டத்துல ஈட்டியோட நிக்கிறவன் முன்னாடி உங்க குதிரையோட விலாவைக் காட்டிக்கிட்டு குறுக்கால போனா அவன் சும்மா பாத்துக்கிட்டு நிப்பானா? திரும்பற அந்த நிமிஷத்துல பாய்ஞ்சுருவான். எதிரி பேஸ் தன்னோட முறையில மட்டும்தான் அசையும்னு நாம மேசையில நெனச்சுக்கறோம், உண்மையில அவங்க ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அசையறவங்க, அந்த மிச்ச உயிரைத்தான் இந்தக் கட்டம் பிடிச்சு வைக்குது.

ஒரு யோசனை. பழைய நாள்காட்டி அட்டை வீட்ல இருக்குமே, சாமி படம் போட்டது, அதோட பின்னட்டையை 40க்கு 40 மில்லியா நாலஞ்சு துண்டு வெட்டி டைஸ் டப்பாவுல போட்டு வைங்க. தகராறு வந்தா எதிரி பேஸ் முன்னாடி அட்டையை வைங்க, உங்க பேஸ் அதுமேல ஏறுதா பாருங்க, ஏறினா உள்ள, ஏறலன்னா வெளியே. அட்டைக்கு யார் பக்கமும் சாய்வு கிடையாது. அதோட, பேஸைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே "அவனோட கட்டத்துக்கு வெளியிலயே நிப்பேன்"னு வாயால சொல்லிருங்க. சொல்லிட்டு நகர்த்தினா, கை தவறி அரை மில்லி உள்ள போனாக்கூட எதிராளி தள்ளி வைக்க விடுவாரு, நல்ல மனுஷங்கதான் எல்லாரும்.

ரெண்டு காலாள் பேஸுக்கு நடுவுல 35 மில்லி சந்து இருக்கு. என் குதிரை பேஸ் 40க்கு 30. பக்கவாட்டுல திருப்பினா 30 மில்லிதானே, நுழையலாம்ல? (பிரிக்பீல்ட்ஸ்)

மரக்கட்டையா இருந்தா நுழையும். அந்த 30 மில்லிங்கிறது குதிரைங்களோட மூக்குல இருந்து வாலு வரைக்கும் உள்ள ஆழம், குதிரை நண்டு மாதிரி பக்கவாட்டுல போகாது, அதனால சந்துக்கு ஒரு முழு பேஸ் அகலம் வேணும், 40 மில்லி. இன்னொன்னும் கவனிங்க, 40க்கு 30ன்னா மூலைக்கு மூலை சரியா 50 மில்லி, பள்ளிக்கூடத்துல படிச்ச அதே 3, 4, 5 முக்கோணம். 40 மில்லி சந்துக்குள்ள நேரா போயிருவீங்க, ஆனா உள்ள போய் முகத்தைத் திருப்ப 50 மில்லி வேணும், திரும்ப முடியாது. சந்து முடியற வரைக்கும் போய்த்தான் ஆகணும். போறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் என்ன நிக்குதுன்னு பாத்துக்குங்க.

கி.மு. 202ல ஸாமாவுல ரோமத் தளபதி சிப்பியோ இந்தச் சந்தையே ஆயுதமா மாத்தினாரு. ரோமர்கள் வழக்கமா சதுரங்கப் பலகைக் கட்டம் மாதிரி மாத்தி மாத்தி நிப்பாங்க, அன்னைக்கு அவரு மேனிப்பிள்களை ஒன்னுக்குப் பின்னால ஒன்னா நேரா நிறுத்தி, முன்னால இருந்து பின்னால வரைக்கும் நீள நீள சந்தா விட்டு, சந்து வாயில லேசான ஆளுங்கள நிறுத்தி மறைச்சு வச்சாரு. எதிரியான கார்த்தேஜ் தளபதி ஹானிபலோட யானைங்க 80க்கு மேல, வந்ததுல நிறைய அந்தச் சந்து வழியாவே ஓடி பின்னால போயிருச்சு, உள்ள நுழைஞ்சதுக்குப் பக்கத்துல திரும்ப இடமில்ல.

அளக்கறது இஞ்சா மில்லியா? (ஈப்போ)

பழைய பதிப்புல தூரம் பூரா காலடிக் கணக்கு, 15 மில்லி பொம்மைக்கு 100 காலடின்னா ஒரு இஞ்ச். இப்ப பேஸ் அகலக் கணக்கு, ரெண்டு பேஸ் மூனு பேஸ்னு. ஒரு ஐஸ்கிரீம் குச்சியில 40 மில்லிக்கு ஒரு கோடு கிழிச்சு வச்சுக்குங்க, டேப்பே வேணாம்.

அண்ணா, நான் காலேஜ்ல வரலாறு படிக்கிறேன், என் அண்ணன் இந்த விளையாட்டு ஆடறத வேடிக்கை பாப்பேன். கிரேக்க ஹாப்லைட் படை, அந்தக் கேடயம் ஈட்டிக் காலாளுங்க, முன்னால போறப்ப தன்னால வலது பக்கம் ஒதுங்கும்னு படிச்சேன், மேசையில அவங்க நேராதான் போறாங்க. அதுக்கு விதி இல்லையா? (ஆயர் ஈத்தாம்)

நல்ல கேள்வி கேட்டீங்க தங்கச்சி, எத்தனையோ வருஷம் ஆடறவங்களே இதைக் கேக்கறது இல்ல. டிபிஏவுல அதுக்கு விதி கிடையாது. விஷயம் என்னன்னா ஹாப்லைட்டோட கேடயம் இடது கையில, வட்டமா பெருசு, பாதி அவனை மறைக்கும் மீதி அவனுக்கு இடது பக்கம் நிக்கிறவனை மறைக்கும். அப்ப ஒவ்வொருத்தனுக்கும் தன்னோட வலது பக்கம் வெறுமையா இருக்கு, வலது பக்கத்து ஆளோட கேடயத்துக்குள்ள ஒடுங்கிக்கப் பாப்பான், கடைசி வலது ஆளும் தன் வெறும் பக்கத்தை எதிரிகிட்ட இருந்து விலக்கிக்கிட்டே போவான், மொத்தப் படையும் நண்டு மாதிரி வலது பக்கம் நகரும். கி.மு. 418ல மான்டினீயாவுல நடந்த சண்டையைச் சொல்றப்ப கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை இப்படித்தான் விளக்கறாரு, எல்லாப் படைக்கும் இது பொதுன்னும் சொல்றாரு.

அந்தச் சண்டையே ஒரு நகர்வுப் புதிர்தான். ஸ்பார்ட்டா ராஜா ஏஜிஸ் பாக்கறாரு, எதிரியான மான்டினீயாக்காரங்க வலது பக்கம் ஒதுங்கி ஒதுங்கி இவரோட இடது ஓரத்தைத் தாண்டி நிக்கறாங்க, சுத்தி வளைச்சுருவாங்க. உடனே இடது ஓரத்துல நின்ன ஸ்கிரிட்டேங்கிற தனிப் பிரிவுக்காரங்களையும் பக்கத்துல நின்ன பழைய வீரருங்களையும் இன்னும் இடது பக்கம் தள்ளிப் போகச் சொல்றாரு. அப்ப நடுவுல ஓட்டை விழும்ல, அதை அடைக்க வலது பக்கத்துல இருந்து ரெண்டு அதிகாரிங்கள அவங்க ஆளுங்களோட வரச் சொல்றாரு. எதிரி கண்ணு முன்னாடி வந்துட்டான், அந்த ரெண்டு பேரும் அசைய மாட்டேன்னுட்டாங்க. இடது பக்கம் போனவங்களத் திரும்பக் கூப்பிட்டாரு, நேரம் போயிருச்சு. ஓட்டையில எதிரி வெள்ளம் மாதிரி புகுந்தான். கடைசியில ஸ்பார்ட்டாதான் ஜெயிச்சாங்க, வராத அந்த அதிகாரிங்க ரெண்டு பேரையும் அப்புறம் நாடு கடத்திட்டாங்க.

இதை எங்க மேசைக் கணக்குல பாருங்க. இடது குரூப்பைத் தள்ள ஒரு பிப், ஓட்டையை அடைக்க இன்னொரு பிப், ஏஜிஸுக்கு விழுந்தது ஒன்னே ஒன்னு. எத்தனை பேரு இதே தப்பைப் பண்ணி நான் பாத்திருக்கேன், பாதி நகர்வைப் பண்ணிட்டு மீதியை அடுத்த முறை பாத்துக்கலாம்னு விட்டுருவாங்க, அடுத்த முறைக்குள்ள எதிரி ஓட்டையில நிப்பான். ரெண்டாவது நகர்வுக்குப் பிப் கையில இல்லன்னா முதல் நகர்வைத் தொடவே கூடாது.

உங்க அண்ணன்கிட்ட ஒரு வீட்டு விதி போட்டுப் பாக்கச் சொல்லுங்க, கிரேக்கர் கிரேக்கர் மோதறப்ப நாங்க ஆடறது. ஈட்டிக்காரக் குரூப் ஒவ்வொரு தடவை முன்னால போனதும் 10 மில்லி வலது பக்கம் தள்ளி வைக்கணும், ரெண்டு பேருக்கும் இது கட்டாயம். நாலு நகர்வுல ஒரு பேஸ் அகலம் தள்ளியாச்சு. முட்டற நேரத்துல ரெண்டு படையும் அவங்கவங்க வலது ஓரத்துல எதிரியைத் தாண்டி நிப்பாங்க, இடது ஓரத்துல தாண்டப்பட்டு நிப்பாங்க, பக்கவாட்டுல ஒருத்தன் கூடுதலா நின்னா சண்டை டைஸ்ல ஒன்னு குறையும். இடது பக்கத்துல உங்க பலசாலியை நிறுத்தறதா, இல்ல இடது பக்கத்தைக் கைவிட்டுட்டு வலது பக்கத்துல சீக்கிரம் ஜெயிக்கறதா? அந்தக் காலத்துத் தளபதிங்களோட தலைவலி அப்படியே மேசைக்கு வந்துரும். நீங்களும் வேடிக்கை பாக்கறத விட்டுட்டு உக்காந்து ஆடுங்க தங்கச்சி, இந்தக் கேள்வி கேட்டவங்க ஜெயிப்பாங்க.

ராஜேந்திர சோழன் கடாரத்து மேல வந்த படையை மேசையில ஆடணும்னு ஆசை, எங்க ஊருக்குப் பக்கத்துலதான் பூஜாங் பள்ளத்தாக்கு. யானையை முன்னால நிறுத்தினா எனக்கே ஆபத்தா முடியுது. (சுங்கைப்பட்டாணி)

1025ல வந்த படை, இந்த விதிங்க 1500 வரைக்கும் உள்ள படைங்களுக்குச் செல்லும், தாராளமா ஆடலாம். ஆனா அது கப்பல்ல வந்து அடிச்ச அடி, கடல் தாண்டி எத்தனை யானையைக் கொண்டு வருவாங்க, அதனால உங்க 12ல யானை ஒன்னு போதும், வில்லும் வாளும் பிடிச்ச காலாளை அதிகமா வைங்க.

ஆபத்து யானையில இல்ல, அதுக்குப் பின்னால நீங்க விடாத இடத்துலதான் இருக்கு. யானை பேஸ் 40க்கு 40 மில்லி, சண்டையில தோத்து பின்வாங்கினா அந்த 40 மில்லியும் பின்னால வேணும். நீங்க பின்னாலேயே காலாளை ஒட்டி நிறுத்தறீங்க. கி.மு. 326ல ஹைடாஸ்பஸ் ஆத்தங்கரையில போரஸ் ராஜா யானைங்களுக்கு நடுவுல நூறு நூறு அடி இடைவெளி விட்டுத்தான் நிறுத்தினதா அர்ரியன்ங்கிற பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதறாரு, தொடக்கம் நல்லாதான் இருந்துச்சு. அலெக்சாந்தரோட குதிரைப்படை ரெண்டு பக்கமும் நெருக்க நெருக்க இந்தியக் குதிரைங்க யானைங்களுக்கு நடுவுல வந்து ஒதுங்க, அந்த இடைவெளி பூரா அடைஞ்சு போச்சு, பாகன் செத்த யானை, அடிபட்ட யானை எல்லாம் எதிரியை மிதிச்ச அளவுக்குச் சொந்த ஆளுங்களையும் மிதிச்சிருச்சு. யானைக்குப் பின்னால ஒரு யானை அளவு காலி இடம், பக்கத்துல லேசான காலாள் ஒரு பேஸ், அவ்வளவுதான், ரெண்டு ஆட்டம் இப்படி ஆடிப் பாத்துட்டு எழுதுங்க.

என் பையனுக்குப் பத்து வயசு. பொம்மை வாங்க இப்ப வசதி இல்ல, ஆனா நீங்க எழுதறத விடாம படிக்கிறான். எப்படித் தொடங்கறது? (நிபோங் திபால்)

அம்மா, பொம்மையே வேணாம். அதே நாள்காட்டி அட்டைதான். ஈட்டிக்காரங்களுக்கு 40க்கு 15 மில்லியா எட்டு துண்டு, குதிரைக்கு 40க்கு 30ஆ மூனு, யானைக்கு 40க்கு 40ஆ ஒன்னு, ஆகமொத்தம் 12. இன்னொரு நிறத்துல இன்னொரு 12. எது முன்பக்கம்னு தெரியறதுக்கு ஒரு ஓரத்துல பேனாவால தடிமனா கோடு போடச் சொல்லுங்க, அது ரொம்ப முக்கியம். ரெண்டடிக்கு ரெண்டடி இடம் இருந்தா போதும், சாப்பாட்டு மேசையில பாதி.

முதல் வாரம் சண்டையே வேணாம். மேசையில ரெண்டு டம்ளரைக் கவுத்து வச்சு நடுவுல 45 மில்லி இடம் விடுங்க. நாலு ஈட்டிக்கார அட்டையைப் பக்கம் பக்கமா வரிசையா நிறுத்தி, டைஸ் உருட்டி, அந்தச் சந்தைத் தாண்டி அந்தப் பக்கம் மறுபடி வரிசையா நிறுத்தணும். ஒருத்தன் பின்னால ஒருத்தனா மாத்த எத்தனை பிப், தாண்ட எத்தனை, திரும்ப விரிக்க எத்தனைன்னு ஒரு தாள்ல எழுதி வைக்கட்டும். ஆறு ஏழு தடவை ஆடினதும் எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வரும். வந்த கடைசி எண்ணிக்கையை எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்க, அவனோட கையெழுத்துலேயே.